புலிக்கு ஒரு நீதி, சுவரொட்டிக்கு ஒரு நீதியா?

காட்டிலே திரியும் புலியைச் சுட வேண்டுமா? காரணத்தை எழுது என்கிறது சட்டம்! மனித உயிருக்கு அது ஆபத்தாகிவிட்டதா, எழுது. கூண்டு வைத்துப் பிடிக்க முடியாதா? மயக்க ஊசி போட முடியாதா? பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டிலே விட வழியில்லையா? எதுவுமே ஆகாது என்று உறுதி செய்துகொண்டாயா? அதன் பிறகு துப்பாக்கியைத் தொடு! 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு இப்படித்தான் பேசுகிறது. அந்த உத்தரவைப் போடும் அதிகாரம் மாநிலத்திலே தலைமை வன உயிரினக் காப்பாளர் ஒருவருக்குத்தான். அவரும் வாய்ச்சொல்லாகப் போட்டுவிட முடியாது. எழுத்திலே போட வேண்டும். ஏன் என்று சொல்லிப் போட வேண்டும்.

நல்ல சட்டம். வேண்டாமென்று சொல்பவன் நானல்ல.

ஆனால், தோழர்களே, சுவரிலே ஒட்டிய ஒரு தாளை வீழ்த்த வேண்டுமா? அதற்கு இத்தனை கேள்வியும் கிடையாது, இத்தனை தயக்கமும் கிடையாது! ஆளவந்தாரின் மனம் புண்பட்டது என்று ஒரு மனு, அவ்வளவுதான். எழுதியவர் கூண்டிலே, வெளியிட்டவர் கூண்டிலே, அச்சடித்தவர் கூண்டிலே! இரண்டாண்டு வரை சிறை. 'ஐயா, நான் சொன்னது உண்மை' என்று கூவினாலும் போதாது. உண்மைதான், ஆனால் பொது நன்மைக்காகச் சொன்னாயா என்று அடுத்த கேள்வி வரும். இரண்டையும் மெய்ப்பிக்கும் சுமை, குற்றம் சாட்டப்பட்டவன் தலைமீது!

சூலக்கரைப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. புலியும் நமக்கு அண்டை வீடு, சுவரொட்டியும் நமக்கு அண்டை வீடு. விருதுநகரை அடுத்த இந்த ஊரிலிருந்து மேற்கே திருவில்லிபுத்தூருக்குப் போனால், ஊருக்குப் பின்னாலே மலை எழுந்து நிற்கிறது. சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயமாக இருந்த அந்த மலைக்காட்டை மேகமலையோடு சேர்த்து, 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலே 51-ஆவது, தமிழகத்திலே 5-ஆவது. அதே விருதுநகர் மாவட்டத்திலேதான் சிவகாசி. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சு வேண்டியிருந்தது. லேபிள் காலண்டராயிற்று, காலண்டர் சுவரொட்டியாயிற்று. கட்சி எதுவானாலும் கொடி எதுவானாலும், அதன் வண்ணம் சிவகாசி மையிலே தோய்ந்துதான் நாட்டைச் சுற்றுகிறது.

முதலில் புலியின் கதையைப் பார்த்துவிடுவோம்.

2021-ஆம் ஆண்டு, நீலகிரி மாவட்டம் கூடலூர், மசினகுடி வட்டாரம். டி-23 என்று எண்ணிட்ட புலி ஒன்று நான்கு பேரைக் கொன்றுவிட்டது என்று பேச்சு. கொழுந்து பறிக்கப் போகிறவர்களும் மாடு மேய்க்கப் போகிறவர்களும் அச்சத்தில் உறைந்தார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி கடல் கடந்து அனுப்பப்பட்டு, ஈழ மலையகத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. ஒருமுறை வேரோடு பெயர்க்கப்பட்டவர்கள், தேயிலைச் செடிக்கு நடுவிலே உயிரையும் பறிகொடுப்பதா என்று சாலையிலே உட்கார்ந்தார்கள். 'சுடு' என்றார்கள். சென்னையிலே இருந்தவர்கள் 'சுடாதே' என்றார்கள். அக்டோபர் 1-ஆம் நாள் வேட்டையாட உத்தரவு பிறந்தது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. உடனே கொன்றுவிட வேண்டாம், உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது 5-ஆம் நாள் நீதிமன்றம். யானைகள் வந்தன, மோப்ப நாய்கள் வந்தன, மரத்திலே பரண் கட்டினார்கள். 15-ஆம் நாள் மயக்க ஊசியில் புலி விழுந்தது. மைசூருக்கு வண்டியேற்றினார்கள். தொழிலாளியும் பிழைத்தான், புலியும் பிழைத்தது.

இதே நீலகிரியில் 2014 சனவரியில், தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டுத்தான் தீர்த்தார்கள். எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. 'சுடு' என்ற தோட்டத் தொழிலாளியைக் கொடியவன் என்று பேசுகிற பட்டணத்துக் கனவான்களை எனக்குப் பிடிக்காது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். புலியோடு போரிட்டு மாண்டவனுக்குப் புலிக்குத்திக் கல் நட்டுக் கும்பிட்ட மண் இது. புலி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். அஞ்சுகிறவனைப் பார்த்து, ஏன் அஞ்சுகிறாய் என்று தொலைவிலிருந்து கேட்பதிலே வீரமில்லை.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்தப் பதினைந்து நாளும் யாரும் யார் வாயையும் கட்டவில்லை. வனத்துறை தூங்குகிறது என்று தொழிலாளி சொன்னான். கொலைகார உத்தரவு என்று விலங்குப் பற்றாளர் சொன்னார். அந்தக் கூச்சலுக்கு நடுவிலேதான் நல்ல முடிவு பிறந்தது.

இன்னொரு புலியையும் பாருங்கள். மராட்டியத்து யவத்மாலில் அவனி என்று பெயரிட்ட பெண்புலி. 13 பேரின் சாவுக்கு அதுவே காரணம் என்றார்கள். உச்சநீதிமன்றம் வரை போய், தலையிட மாட்டோம் என்ற பதிலும் வந்து, 2018 நவம்பர் 2-ஆம் நாள் இரவிலே சுட்டார்கள். இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. உடனே ஒன்றிய அமைச்சர் மேனகா காந்தி வெகுண்டெழுந்தார். இது கொலை என்றார், குற்றம் என்றார். மராட்டிய வனத்துறை அமைச்சர் சுதிர் முங்கண்டிவார் மீது பாய்ந்தார். இருவரும் ஒரே கட்சி! பாரதிய ஜனதாவின் அமைச்சர், பாரதிய ஜனதாவின் அமைச்சரைப் பார்த்து உலகறியப் பேசுகிறார். நாடு அதை ஒரு விவாதமாகத்தான் எடுத்துக்கொண்டது.

அதே சொற்களை யவத்மாலின் ஒரு பருத்திக் கூலி, ஒரு தட்டியிலே எழுதிக் கடைவீதியில் கட்டியிருந்தால்? 'எங்கள் பதின்மூன்று பேர் செத்தபோது அமைச்சர் எங்கே போனார்' என்று நாலு வரி அச்சடித்து ஒட்டியிருந்தால்? அரியாசனத்திலே இருப்பவர் பேசினால் கருத்து. அடிப்படியிலே நிற்பவன் பேசினால் அவதூறு! அந்த இரண்டாவது வாசலுக்குத்தான் இப்போது போகிறோம்.

இந்தச் சட்டம் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன சொத்து. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம், 499 முதல் 502 வரை. 2024 சூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் 'பாரதிய நியாய சன்ஹிதா' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். சொல்லிப் பார்த்தால் நம் நாக்குச் சுளுக்கிக்கொள்கிறது! அடிமைச் சின்னத்தை ஒழித்துவிட்டோம் என்று முழங்கியவர்கள், பழைய நான்கு பிரிவையும் 356 என்ற ஒரே பிரிவுக்குள்ளே பத்திரமாகக் குடிவைத்துவிட்டார்கள். சமுதாயப் பணி செய்தாலும் தண்டனை கழியும் என்று ஒரு வாசகம் புதிது; இரண்டாண்டுச் சிறை அப்படியே இருக்கிறது. அந்த இங்கிலாந்தோ 2009-இல் சட்டம் இயற்றித் தன் வீட்டிலே இந்தக் குற்றத்தையே ஒழித்துவிட்டது. பக்கத்திலே இலங்கை, எத்தனையோ கொடுமைக்குப் பெயர்போன இலங்கை, அதுகூட 2002-இல் குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது. நாம் மட்டும் எசமானன் போன பிறகும் அவன் பிரம்பை எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம்.

சட்டத்திலே விலக்கே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பத்து விலக்கு இருக்கிறது. பொது ஊழியரின் பணியைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம் என்றும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இதே 'நல்லெண்ணம்' என்ற சொல் புலிச் சட்டத்திலும் இருக்கிறது. தன்னைக் காக்கவோ பிறரைக் காக்கவோ நல்லெண்ணத்தோடு புலியைக் கொன்றால் குற்றமில்லை என்கிறது அது. ஆனால் சுவரொட்டிக்காரனின் நல்லெண்ணம் எப்போது வெளிவரும்? சம்மன் வந்து, ஜாமீன் எடுத்து, வாய்தா வாய்தாவாக நடந்து, சாட்சி விசாரணை முடிந்து, தீர்ப்பு நாளிலே! அதுவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் சார்ஜ் போச்சு. விடுதலையானாலும் அந்தப் பணம் திரும்ப வராது. சிறைக்கு அனுப்பாமலே தண்டிக்கும் வித்தை இது.

அமைச்சருக்கோ அந்தத் தொல்லையும் இல்லை. பணியைப் பற்றிய அவதூறு என்றால் அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 199-ஆவது பிரிவு கொடுத்த சலுகை அது. புதிய சட்டத்திலும் தொடர்கிறது. வழக்குப் போடுகிறவர் சம்பளம் நம் வரிப்பணம். எதிர்த்து நிற்கிறவர் செலவு அவர் கைப்பணம்!

அச்சகத் தொழிலாளத் தோழர்கள் இதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவதூறானது என்று தெரிந்தோ, அப்படி நம்பப் போதிய காரணம் இருந்தோ அச்சடித்தால், அதுவும் தனிக் குற்றம். அதற்கும் இரண்டாண்டு. பழைய 501, இன்றைய 356-இன் மூன்றாம் உட்பிரிவு. தலைவர் பேசினார், எழுத்தாளர் எழுதினார், மேஸ்திரி பிளேட் போட்டார். சம்மன் மூன்று பேருக்கும் வரலாம். தலைவருக்கு வழக்கறிஞர் அணி ஓடி வரும். மேஸ்திரிக்கு யார் வருவார்?

ஒரு விளம்பரத்தால் உலகச் சட்டமே திரும்பிய கதை ஒன்று உண்டு. 1960 மார்ச் 29-ஆம் நாள், 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டிலே ஒரு முழுப்பக்க அரசியல் விளம்பரம். கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் மீது போட்ட வழக்குக்கு நிதி கேட்டு வந்தது. அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் மாணவர்களுக்கு இழைத்த கொடுமையைச் சொன்னது. அதிலே சிற்சில பிழை இருந்தது. கிங் ஏழு முறை கைதானார் என்று போட்டார்கள்; உண்மையில் நான்கு முறை. மாணவர்கள் பாடிய பாட்டின் பெயரும் மாறிப்போயிற்று. போதாதா? போலீசுக்குப் பொறுப்பாக இருந்த நகர ஆணையர் சல்லிவன், தன் பெயரே இல்லாத விளம்பரத்துக்காக, தன் மானம் போயிற்று என்று வழக்குப் போட்டார். உள்ளூர் ஜூரி 5 இலட்சம் டாலர் கொடு என்றது! ஏட்டின் மீது மட்டுமா? விளம்பரத்தின் அடியிலே பெயர் போடப்பட்டிருந்த நான்கு கறுப்பினப் பாதிரியார்கள் மீதும் வழக்கு. தங்கள் பெயர் அச்சானதே தங்களுக்குத் தெரியாது என்றார்கள் அவர்கள். மேஸ்திரியின் கதை உலகெங்கும் ஒரே கதைதான், பாருங்கள்!

1964 மார்ச் 9-ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. பொய் என்று தெரிந்தே சொன்னான், அல்லது உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் சொன்னான் என்று அதிகாரி மெய்ப்பித்தாலொழிய நஷ்டஈடு கிடையாது என்றது. சுமை இடம் மாறியது. பேசியவன் தலையிலிருந்து இறங்கி, ஆள்பவன் தலைக்கு ஏறியது.

அந்தத் தீர்ப்பு கடல் கடந்து வந்து இறங்கிய இடம் எது தெரியுமா? நம் தமிழ்நாடு! ஆறு கொலை செய்ததாகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் சிறையிலே எழுதிய தன் கதையை 'நக்கீரன்' இதழ் வெளியிட முற்பட்டது. அதிகாரிகள் பலரின் பெயர் அதிலே அடிபடும் என்ற நிலை. 1994 சூனிலே சிறைத்துறைத் தலைவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார், வெளியிட்டால் நடவடிக்கை என்று. நக்கீரன் உச்சநீதிமன்றம் போயிற்று. 1994 அக்டோபர் 7-ஆம் நாள் நீதிபதி ஜீவன் ரெட்டி தீர்ப்பளித்தார்: வெளியிடுவதற்கு முன்னாலேயே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரியின் அலுவல் பற்றிய செய்திக்கு, பொய்யென்று தெரிந்தோ உண்மையைப் பற்றிய கவலையின்றியோ எழுதினாலொழிய, நஷ்டஈடு கேட்க முடியாது. அரசு தன் பெயரால் நஷ்டஈட்டு வழக்கே போட முடியாது! மாண்ட்கமரியில் எரிந்த விளக்கை, முப்பதாண்டு கழித்து ஒரு தமிழ் வார இதழ் இங்கே ஏற்றிவைத்தது.

ஆனால் அது நஷ்டஈட்டு வழக்குக்கான விளக்கு. சிறை வாசல் இருட்டாகவே கிடந்தது. 2011 முதல் 2016 வரை ஐந்தாண்டில் செல்வி ஜெயலலிதாவின் அரசு போட்ட அவதூறு வழக்குகள் 213 என்று உச்சநீதிமன்றத்திலேயே கணக்கு வந்தது. கழகத்தார் மீது, தே.மு.தி.க.வினர் மீது, பத்திரிகைகள் மீது! பொது வாழ்வுக்கு வந்தவர் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்று 2016 ஆகஸ்டிலே விஜயகாந்த் வழக்கில் நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள். கடிந்துகொண்டவர்களில் ஒருவரான தீபக் மிஸ்ராதான், அதே ஆண்டு மே 13-ஆம் நாள், இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பெழுதியவரும்! சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, கெஜ்ரிவால் என்று மூன்று துருவத்தார் ஒன்றாக நின்று வாதாடியும், மானம் என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லிச் சிறைத் தண்டனையைக் காப்பாற்றினார்கள். மானம் பெரிதுதான், நாம் மறுக்கவில்லை. அதற்குச் சிறை எதற்கு என்ற கேள்விக்குத்தான் எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

அந்தச் சிறை என்ன செய்யும் என்பதை 2023-இல் கண்டோம். 2019-இல் கோலாரில் பேசிய தேர்தல் பேச்சுக்காக, 2023 மார்ச் 23-ஆம் நாள் சூரத்திலே ராகுல் காந்திக்கு இரண்டாண்டு! சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு. இரண்டாண்டு என்றால்தான் பதவி பறிபோகும். மறுநாளே பறித்தார்கள். ஆகஸ்டு 4-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைக்கும்வரை வயநாட்டு மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆளில்லை.

வேட்டையும் விளம்பரமும் அவதூறும் ஒரே ஆளின் வாழ்க்கையிலே சேர்ந்த கதையும் அமெரிக்காவில் உண்டு. சாரா பேலின் என்ற அம்மையார் அலாஸ்காவின் ஆளுநர். அங்கே மான் இனங்களைக் காப்பதற்காக என்று சொல்லி, விமானத்திலிருந்து ஓநாய்களைச் சுடும் திட்டத்தை ஆதரித்தவர். 2008-இல் அவர் துணைத் தலைவர் தேர்தலுக்கு நின்றபோது, வனவிலங்கு அமைப்பொன்று அந்த ஓநாய் வேட்டையையே படமாக்கித் தொலைக்காட்சி விளம்பரம் போட்டுத் தாக்கியது. பின்னர், 2010-இல், அம்மையாரின் அரசியல் குழு ஒரு வரைபடம் வெளியிட்டது. எதிர்க்கட்சியின் 20 தொகுதிகள் மீது துப்பாக்கிக் குறி! 2011 சனவரியில் அந்தத் தொகுதிகளில் ஒன்றின் உறுப்பினரான கிஃபர்ட்ஸ் அம்மையாரை ஒருவன் சுட்டான். ஆறு பேர் மாண்டனர். அந்த வரைபடத்துக்கும் சூட்டுக்கும் முடிச்சுப் போட்டு 2017-இல் 'நியூயார்க் டைம்ஸ்' தலையங்கம் எழுதியது. முடிச்சுக்கு ஆதாரமில்லை, ஏடு தவற்றைத் திருத்திக்கொண்டது. பேலின் வழக்குப் போட்டார். 2022-இலே தோற்றார். மறு விசாரணை கிடைத்தது. 2025 ஏப்ரலிலே மறுபடியும் தோற்றார். எட்டாண்டு வழக்கிலே யாருக்கும் கைவிலங்கு இல்லை, கேட்டது பணம்தான். ஆளுநரையும் திட்டினார்கள், ஏட்டையும் திட்டினார்கள், நாடு இடிந்து விழவில்லை.

இங்கே? 2023 மே மாதம், கர்நாடகத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, பாரதிய ஜனதா அரசின் இலஞ்சத்துக்கு 'விலைப்பட்டியல்' போட்டுக் காங்கிரசு ஏடுகளிலே விளம்பரம் கொடுத்தது. பாரதிய ஜனதா குற்றவியல் அவதூறு வழக்குப் போட்டது. வாக்காளர் தீர்ப்புச் சொல்லி ஓராண்டு கழித்து, வென்று முதலமைச்சராகிவிட்ட சித்தராமையாவும் துணை முதல்வர் சிவகுமாரும், 2024 சூன் 7-இல் ராகுல் காந்தியும் பெங்களூரு கோர்ட்டிலே போய் நின்று ஜாமீன் வாங்கினார்கள்.

அதே 2024 மே மாதம் வங்கத்திலே வேறொரு வழி கண்டார்கள். திரிணாமுல் காங்கிரசைத் தாக்கிப் பாரதிய ஜனதா கொடுத்த விளம்பரங்களைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் மே 20-ஆம் நாள் தடை செய்தது. தேர்தல் ஆணையம் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்று இடித்துரைத்தது. தடையை நீக்கக் கேட்டு உச்சநீதிமன்றம் போனார்கள்; மே 27-ஆம் நாள் அதுவும் கைவிரித்தது. விளம்பரம் நின்றது. எந்த அச்சகத் தொழிலாளியும் கூண்டேறவில்லை. நீதிமன்றங்கள் தடைபோடப் பழகிவிட்டால் நாளை அது நம் வாய்க்கும் வரும் என்ற அச்சம் எனக்கு உண்டு. என்றாலும், சிறையில்லாமல் பரிகாரம் தேட முடியும் என்பது அங்கே தெரிந்துவிட்டது.

'அப்படியானால் பணக்காரக் கட்சி கோடிக் கோடியாகக் கொட்டிப் பொய் விளம்பரம் போட்டால் ஏழை வேட்பாளன் என்ன செய்வான்?' நியாயமான கேள்வி. வேட்பாளரின் தனி வாழ்வு பற்றித் தெரிந்தே பொய் பரப்பி வென்றால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவிலே தேர்தலே செல்லாது. நஷ்டஈட்டு வழக்கும் இருக்கிறது. மறுப்பு வெளியிடச் சொல்லிக் கேட்கலாம். மேடையும் இருக்கிறது! 1967-இல் இதே விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரை எதிர்த்து மாணவர் தலைவர் சீனிவாசன் நின்றபோது, அவர் கையில் இருந்தது பணமா? சுவரும், மேடையும், சைக்கிளில் சுற்றிய இளைஞரும்தான். 1,285 வாக்கிலே வென்றார். ரூபாய்க்கு மூன்று படி என்ற சொல்லுக்குப் பதில் சொல்ல ஆளுங்கட்சி மேடை ஏறிற்று.

உரிமையோடு ஒன்று சொல்கிறேன், நம்மவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகைகள் மீது பழைய ஆட்சி போட்ட வழக்குகளை 2020 மே மாதம் நீதிபதி அப்துல் குத்தூஸ் தள்ளுபடி செய்தார். அவதூறுச் சட்டத்தைக் கொண்டு சனநாயகத்தின் குரல்வளையை அரசு நெரிக்கக் கூடாது என்றார். 2021 சூலையில் கழக அரசு 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. நெஞ்சு நிமிர்த்திச் சொல்லக்கூடிய செயல். ஆனால் 2023 மே மாதம், பாரதிய ஜனதாவின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை வெளியிட்ட பட்டியலுக்காக, நம் முதலமைச்சர் சார்பில் அதே அரசு வழக்கறிஞர், அதே செஷன்ஸ் கோர்ட்டு வாசலுக்குப் போனார். போகாமலே இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. 2024-இலே தமிழகத்தின் 39 தொகுதியையும் நம் அணிக்குக் கொடுத்து மக்கள் சொன்ன பதிலைவிடவா செஷன்ஸ் கோர்ட்டு பெரிய பதில் சொல்லிவிடப் போகிறது?

இது தலைவர்களின் வழக்கு, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் என்ன நடந்தது? 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் என்ன நடந்தது? மருந்து வெடித்துக் கருகியவர்கள் யார்? நம் வீட்டு ஆணும் பெண்ணும்! உரிமம் ஒருவர் பெயரிலே, அறை அறையாக உள்குத்தகை வேறொருவருக்கு, அனுமதித்த அளவுக்கு மேலே ஆள், அனுமதித்த அளவுக்கு மேலே மருந்து. இந்த வட்டாரத்திலே இதை அறியாத பட்டாசுத் தொழிலாளி உண்டா? நாளைக்கு ஒரு சங்கம் துணிந்து, 'இன்ன ஆலையில் உள்குத்தகை நடக்கிறது, அதிகாரி கண்மூடியிருக்கிறார்' என்று சுவரொட்டி போடுமானால், ஆலை முதலாளியும் அவதூறு என்பார், அதிகாரியும் அவதூறு என்பார். தனி மனிதருக்கு மட்டுமல்ல, கம்பெனிக்கும் மானம் உண்டு என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது! போர்மேன் முதல் பசை வாளி தூக்கியவர் வரை பெயர் கேட்பார்கள். வாய்தாவுக்குப் பயந்து அந்தச் சுவரொட்டி அச்சேறாமல் போனால், அடுத்த வெடிப்பிலே போகிற உயிருக்கு யார் பொறுப்பு? புலி ஒன்று நான்கு பேரைக் கொன்றால் மாநிலமே விழிக்கிறது, நீதிமன்றம் கூடுகிறது. இங்கே மருந்து அறை அதைவிடப் பல மடங்கு கொன்றிருக்கிறது.

ஆகவே கோரிக்கை நேரானது. 356-ஆவது பிரிவிலே சிறையை நீக்கு. அரசு வழக்கறிஞரை அமைச்சரின் சொந்த வக்கீலாக்கும் சலுகையை நீக்கு. மானம் போனதென்று எண்ணுகிறவர், யாராயினும், தன் கைக்காசைச் செலவழித்து நஷ்டஈட்டு வழக்குப் போடட்டும். பொய்யென்று தெரிந்தே நாம் எழுதினோம் என்று அவரே மெய்ப்பிக்கட்டும். நாடாளுமன்றத்தில் இருக்கும் நம் உறுப்பினர்கள் இதைத் தனி மசோதாவாகவே கொண்டுவரலாம்.

அதுவரை, தேர்தல் சுவரொட்டிக்கு அச்சகம் போகும் தோழர்கள் கவனிக்க வேண்டியது: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவின்படி வெளியிடுபவர் இரண்டு படி உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும், அவரை நேரில் அறிந்த இருவர் சான்று ஒப்பமிட வேண்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் சுவரொட்டியிலே தெளிவாக இருக்க வேண்டும். அச்சகத்தார் அதன் பிரதியையும் உறுதிமொழியின் ஒரு படியையும் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த வரியை மறைக்காதீர்கள். பெயர் போடாத சுவரொட்டி நமக்கு வேண்டாம். ஒளிந்துகொண்டு பேசுவது நம் வழக்கமும் அல்ல. சங்கத்தின் சுவரொட்டியானால், எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் ஆதாரத் தாள், உரிம எண், நாள், இடம் எல்லாம் ஒரு கவரிலே போட்டு, புரூப் பார்க்கும் முன்பே சங்கச் செயலாளரிடம் கொடுத்துவையுங்கள். மேஸ்திரியிடமும் ஒரு நகல் இருக்கட்டும். சம்மன் வந்தால், வந்த அன்றே வழக்கு எண்ணை இந்த ஏட்டுக்கு எழுதி அனுப்புங்கள்.